வாடகைக்கு விட வீடு வாங்குமுன்...

 

வளைகுடா நாட்டில் இருபதாண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பும் குடும்பத் தலைவர் முதலில் எண்ணுவது, ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவதைத்தான். நல்ல எண்ணமே. வட்டியை நாடாமல், முதுமையில் பிள்ளைகளின் கையை எதிர்பாராமல் வாழ அது வழிசெய்யும். ஆயினும் அவசரத்தில் வாங்கிய வீடு, வருமானத்திற்குப் பதிலாக வழக்கைக் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. ஆகவே முன்பணம் கொடுக்குமுன் கணக்கையும் உரிமையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. வீட்டின் விலை 40 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழகத்தில் விற்பனைப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக, அடக்கம் 43 இலட்சத்து 60 ஆயிரம். மாத வாடகை 10,000 வந்தால் ஆண்டுக்கு 1,20,000. வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 10,000 குறையும். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, பழுதுபார்ப்பு என 20,000 போகும். கைக்கு வருவது 90,000. அதாவது நூற்றுக்கு இரண்டு ரூபாயே! அழகிய முகப்பைக் கண்டு மயங்காமல், இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கல்லூரிக்கோ பேருந்து நிலையத்திற்கோ அருகிலுள்ள சிறிய வீடு, தெருவே வியக்கும் மாளிகையைவிட அதிகம் ஈட்டித் தரலாம்.

அடுத்தது உரிமை. மூலப் பத்திரம், பட்டா, முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று ஆகியவற்றை வாங்கி வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஆனால் வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும் என்பதை மறவாதீர்கள். நம்மவர் ஒருவர் இறந்தவுடனேயே அவருடைய சொத்தில் மனைவி, பெற்றோர், ஆண்மக்கள், பெண்மக்கள் ஆகியோரின் பங்கு நிலைபெற்றுவிடுகிறது. அதற்குப் பத்திரம் தேவையில்லை. அண்ணன் தம்பி இருவர் மட்டும் கையெழுத்திட்டு விற்ற வீட்டில், அயலூரில் மணமுடித்துச் சென்ற சகோதரியின் பங்கு அப்படியே இருக்கிறது. நாளை அவர் கேட்டால், அது நியாயமான கோரிக்கையே. ஆகவே வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஒவ்வொருவரும் பத்திரத்தில் கையெழுத்திடச் செய்யுங்கள்.

வாரிசுகளில் மைனர் பிள்ளை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. தந்தையின் மரண சாசனத்தாலோ நீதிமன்றத்தாலோ காப்பாளராக நியமிக்கப்படாத தாய், அப்பிள்ளையின் பங்கை விற்க இயலாது என்று 1918-ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துள்ளது. பள்ளிவாசலைச் சுற்றியுள்ள இடமாயின், அது வக்ஃபு நிலமா என்பதையும் விசாரியுங்கள். வக்ஃபு சொத்தை எவரும் தம் சொத்தாக விற்க முடியாது.

வீடு கைக்கு வந்தபின், குடியிருக்க வருபவர் உறவினரே ஆயினும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில், பழுது யார் பொறுப்பு என்பனவற்றைத் தெளிவாக எழுதிவிட்டால் பின்னர் மனக்கசப்புக்கு இடமிராது.

ஒன்றை மட்டும் மனத்தில் இருத்துங்கள். விலை மலிவு என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அந்த மலிவுக்குள் யாரோ ஒரு சகோதரியின் பங்கோ, ஓர் அநாதைப் பிள்ளையின் பங்கோ ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். வியர்வை சிந்தி ஈட்டிய ஹலாலான பணம், பிறர் உரிமை கலவாத வீடாக மாறும்போதுதான் அதன் வாடகையில் பரக்கத்தும் உறக்கத்தில் அமைதியும் இருக்கும்.