வால்வு எரிந்தால் போதுமா?

வாசகர்களே, தாத்தா காலத்து வால்வு ரேடியோ பாடவில்லை என்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின் அட்டையின் துவாரங்கள் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வின் உள்ளே, பெரும்பாலும் உச்சியில், வெள்ளிபோல் மின்னும் பூச்சு தெரியும். அது பேரியம், எஞ்சிய காற்றை உறிஞ்சிக்கொள்ளும். பாலாக வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு தீர்ந்தது. எங்கள் பெட்டியில் ஒன்றுதான் வெளுத்திருந்தது. கடைக்காரரோ ஐந்தையும் மாற்றச் சொன்னார்!

“பாருங்கள், எரிகிறதே!” என்று பழைய வால்வை விற்பவரிடமும் ஏமாறாதீர்கள். எரிவது சூடேற்றும் இழை மட்டுமே. எலக்ட்ரான் உமிழும் பூச்சு தேய்ந்துபோனாலும் அது எரியும். வால்வு சோதிக்கும் கருவியில் காட்டச் சொல்லுங்கள்.

கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 200 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கழற்றுவது ரேடியோ பழுதுபார்ப்பவர் வேலை.