புல்தரையா, பிளாஸ்டிக் புல்லா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். உளுந்தை நனைத்துவிட்டுச் சற்றுத் தலை சாய்க்கலாம் என்று போனேன். வாசலில் சத்தம். எட்டிப் பார்த்தால், என் பேத்தி ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து வருகிறாள். ஒரு கையில் ஷூ, மற்றொரு கை தோழியின் தோளில். கணுக்கால் எலுமிச்சம்பழம் போல வீங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் வழன்று, சூடான தோசைக்கல் பட்ட மாதிரி சிவந்து கிடந்தது.

“என்னடி இது கோலம்?”

“ஒண்ணுமில்லை ஆயா. டர்ஃப்ல சறுக்கிட்டேன்.”

சாயங்காலம் என் மகள் வேலையிலிருந்து வந்தாள். காலைப் பார்த்தாள். “இதோட முடிஞ்சுது. இனிமே பந்தும் வேணாம், பயிற்சியும் வேணாம். நாளைக்கு முட்டி போயிடுச்சுன்னா யார் பதில் சொல்றது? நீயாவது எடுத்துச் சொல்லும்மா” என்று என்னைப் பார்த்தாள். சகோதரிகளே, உள்ளதைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் நானும் ஆமாம் போடத்தான் இருந்தேன். ஆனால் அந்தப் பெண் அழவில்லை. வலிக்கு அழாதவள், ‘பந்து வேணாம்’ என்றதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “பத்து நாள் பொறு, விசாரிக்கிறேன்” என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் கனகசெட்டிக்குளத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கமாகப் போனால், காலாப்பட்டு தாண்டி, புதுவை எல்லை முடிகிற இடம். ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் கடல். பொழுது சாய்ந்தால் பையன்கள் படகுகளுக்கு நடுவே மணலில் வெறுங்காலோடு பந்து உதைப்பார்கள். பெண் பிள்ளைகள் அங்கே போய் ஆட முடியுமா? டர்ஃப் என்றால் சுற்றிலும் வலை, ஒரு கேட், விளக்கு வெளிச்சம். ‘பத்திரமான இடம்’ என்று நாங்களே சேர்த்து அனுப்பினதுதான்.

முதலில் ஆஸ்பத்திரி. எக்ஸ்-ரேயில் எலும்பு முறிவு இல்லை, சுளுக்குத்தான். அங்கிருந்த டாக்டரம்மா, “இந்த டர்ஃபே இப்படித்தாம்மா. புல்தரையில ஆடினா இவ்வளவு ஆகாது” என்றார். மறுநாள் விசாரிக்க வந்த பயிற்சியாளரோ, “மேடம், வெளி மைதானத்தில் குழியும் கல்லும். டர்ஃப்தான் ஸேஃப்” என்றார். இரண்டு பேரும் விஷயம் தெரிந்தவர்கள். யார் சொல்வது சரி? என் மாப்பிள்ளையைப் பிடித்து, ஆராய்ச்சிகளைத் தேடி எடுத்து வாசித்துச் சொல்லச் சொன்னேன்.

அந்தப் பச்சைக் கம்பளம் என்ன என்று பார்த்தால், பிளாஸ்டிக் இழைதான். இழைகளுக்கு நடுவே மணலும், பழைய டயரை அரைத்த கறுப்பு ரப்பர்க் குருணையும் போட்டு நிரப்புகிறார்கள். ஆடிவிட்டு வந்த ஷூவைக் கவிழ்த்தால் கடுகு மாதிரி கொட்டுமே, அதுதான். 1966-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில், கூரை போட்ட ஸ்டேடியத்துக்குள் வெயில் போதாமல் புல் செத்துப் போனதால் இதைக் கொண்டுவந்தார்கள். 1981-ல் லண்டனில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் போட்டது. பந்து தலைக்கு மேல் துள்ளுகிறது, விழுந்தால் தோல் உரிகிறது என்று ஒரே கூச்சல். 1990-களின் நடுவில் இங்கிலாந்தின் பெரிய கிளப்புகளில் ஒன்றில்கூட அது இல்லை. இப்போது நம் ஊர்களில் இருப்பது அந்தப் பழைய முரட்டுப் பாய் இல்லை. இழை நீளம், மெத்தென்று இருக்கும். 2004-ல் பந்தாட்ட விதிகளே இதை ஏற்றுக்கொண்டன. 2011-ல் மெஸ்ஸி கல்கத்தா வந்து சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஆடினாரே, அது டர்ஃப்தான். ஆனால் 2017-ல் பதினேழு வயதுக்குட்பட்டவர்களின் உலகக் கோப்பை வந்தபோது அதே ஸ்டேடியத்தில் டர்ஃபைப் பெயர்த்துவிட்டு நிஜப் புல் வளர்த்தார்கள். வெப்ப நாடுகளில் மைதானத்துக்குப் பெரும்பாலும் போடுகிற ‘பெர்முடா புல்’ வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிற நம் அருகம்புல் ஜாதிதான்!

சரி, அடிபடுகிற விஷயத்துக்கு வருவோம். ஸ்வீடனைச் சேர்ந்த டாக்டர் யான் எக்ஸ்ட்ராண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் ஐரோப்பாவின் பெரிய கிளப் வீரர்களைக் கவனித்து 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் புல்லிலும் டர்ஃபிலும் காயம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கணுக்கால் சுளுக்கு மட்டும் டர்ஃபில் அதிகம். 2022-ல் அமெரிக்க டாக்டர்கள் 53 ஆராய்ச்சிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். அவர்களும் பாதம், கணுக்கால் இரண்டும் டர்ஃபில்தான் அதிகம் அடிபடுகின்றன என்றார்கள். இன்னொன்றும் எழுதியிருந்தார்கள்: ‘புல்லில்தான் மொத்தக் காயம் அதிகம்’ என்று சொன்ன சில ஆராய்ச்சிகள் எல்லாமே டர்ஃப் தொழில்காரர்களிடம் பண உதவி பெற்றவையாம். மாப்பிள்ளை வாசித்துச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாவரைக்கும் இயந்திரம் விற்பவர் அம்மிக்கல்லுக்கு எப்படி சர்டிபிகேட் கொடுப்பார்?

கணுக்கால் ஏன் மாட்டிக்கொள்கிறது? வேகமாக நடக்கும்போது முந்தானை கதவுக் கொண்டியில் சிக்கினால் என்ன ஆகும்? உடம்பு முன்னே போகும், புடவை பின்னே இழுக்கும். அதே கதைதான். புல்தரையில் கால் திரும்பினால் மண்ணும் வேரும் கொஞ்சம் பெயர்ந்து வழிவிடும். டர்ஃபில் ஷூவின் அடிக்குமிழ் இறுகப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பிவிடும், பாதம் திரும்பாது. அந்த முறுக்கு கணுக்காலிலோ முழங்காலிலோ போய் முடியும்.

அப்படியானால் டாக்டரம்மா சொன்னதுதான் சரியா? பாதி சரி. அந்த ஆராய்ச்சிகளில் ‘புல்தரை’ என்பது தினமும் தண்ணீர் விட்டு, வெட்டி, உருளை ஓட்டிப் பராமரிக்கிற தரை. நம் பக்கத்தில் மைதானம் என்றால் என்ன? கட்டாந்தரை. நெருஞ்சி முள், உடைந்த பாட்டில், மாடு மிதித்த குழி. அதற்குப் புல்தரை என்று பெயர் வைத்தால் ஆயிற்றா? 2015 டிசம்பரில் அமெரிக்கப் பெண்கள் அணி ஹவாய்த் தீவுக்கு ஆடப் போனது. அங்கே ஸ்டேடியத்து டர்ஃப் மோசமாக இருந்ததென்று மறுத்து, ஆட்டம் ரத்தாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, பயிற்சி மைதானத்தில் மேகன் ராபினோ என்ற பெரிய வீராங்கனைக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. அந்தப் பயிற்சி மைதானம் நிஜப் புல்! சரியாகப் பராமரிக்காத புல்.

அந்தப் பெண்கள் சும்மா இருந்தவர்கள் இல்லை. 2015 உலகக் கோப்பையைக் கனடாவில் முழுக்க முழுக்க டர்ஃபிலேயே நடத்தினார்கள். ‘ஆண்களுக்கு மட்டும் புல், எங்களுக்கு பிளாஸ்டிக்கா?’ என்று அபி வாம்பாக், நாடினே ஆங்கெரர் முதலிய வீராங்கனைகள் 2014 அக்டோபரில் அங்குள்ள மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கே போனார்கள். பலன் இல்லை, ஆட்டம் நெருங்கிவிட்டதால் 2015 ஜனவரியில் மனுவை வாபஸ் வாங்கினார்கள். அடுத்த இரண்டு பெண்கள் உலகக் கோப்பைகளும், 2019-லும் 2023-லும், புல்லில்தான் நடந்தன. வாய் திறந்து கேட்டதற்கு அவ்வளவாவது கிடைத்தது.

முழங்கால் ஜவ்வைப் பற்றித்தான் என் மகளுக்குப் பயம். அது நியாயமான பயம். டாக்டர்கள் ‘ஏ.சி.எல்.’ என்று சொல்கிற அந்த ஜவ்வு, ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாகக் கிழிகிறது. வயதுக்கு வந்து உயரம் ஏறுகிற பருவத்தில் கவனம் அதிகம் வேண்டும். ஆனால் பாருங்கள், இதற்குத் தரை மட்டும் காரணமில்லை. குதித்துவிட்டு இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்வது, தொடையின் பின்தசைக்கும் இடுப்புக்கும் பலம் போதாதது, களைத்த பிறகும் ஆடுவது, ஒத்துவராத ஷூ எல்லாம் சேர்கின்றன. இதில் பலவற்றைப் பழக்கத்தால் சரிசெய்யலாம். நார்வே நாட்டில் 13 முதல் 17 வயதுவரை உள்ள பெண் பிள்ளைகளை வைத்து, 125 கிளப்புகளில் இதைச் சோதித்தார்கள். ஆட்டத்துக்கு முன் இருபது நிமிஷம்: மெதுவான ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்பது, பாதி உட்கார்ந்து எழுவது, குதித்து முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்குவது. வேறு மருந்து மாத்திரை ஒன்றுமில்லை. பெரிய காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன என்று 2008-ல் வெளியிட்டார்கள். ‘பதினொன்று பிளஸ்’ என்று கேட்டால் பயிற்சியாளர்களுக்குத் தெரியும்.

பேத்தியைக் கேட்டேன், “நீங்க எத்தனை நிமிஷம் இதெல்லாம் செய்யறீங்க?”

“எங்க ஆயா, ஒரு மணி நேரந்தானே வாடகை. உள்ள போனதும் ஆட வேண்டியதுதான்.”

பிடித்தேன் பாருங்கள், ஒரு நூலை! இன்னொன்றையும் பிடித்தேன். அவள் போட்டிருந்த ஷூ, அத்தை மகன் கொடுத்தது. புல்லுக்கான நீளக் குமிழ் வைத்தது, போதாததற்கு ஒரு அளவு பெரிசு. டர்ஃபுக்கென்று குட்டிக் குட்டி ரப்பர்க் குமிழ் நிறைய வைத்த ஷூ தனியாக விற்கிறது. ஷூ வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள்.

மூன்றாவது, அந்த மத்தியான நேரம். வாடகை குறைவு என்று பிள்ளைகள் இரண்டு மணிக்கு எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக டர்ஃபில், பயிற்சியாளருக்கு ஷூவையும் மீறிப் பாதம் பொரிந்துவிட்டது. 2002-ல் அங்கேயே அளந்து பார்த்தார்கள். பக்கத்துப் புல்தரை 31 டிகிரி செல்சியஸைத் தாண்டாத இடத்தில் டர்ஃபின் மேற்பரப்பு 69 டிகிரி வரை போனது! தண்ணீர் தெளித்தால் 29-க்கு இறங்கியது. ஐந்தே நிமிஷத்தில் 49, இருபது நிமிஷத்தில் 73. புல் மூச்சுவிடும், ஈரம் விடும், தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அது தெரியாது. சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். காலையில் எட்டு மணிக்கு முன், இல்லையேல் பொழுது சாய்ந்த பிறகு.

அந்தக் குருணையால் வியாதி வருமோ என்றும் பலர் கேட்கிறார்கள். அபாயம் மிகக் குறைவு என்றுதான் ஐரோப்பிய இரசாயனப் பாதுகாப்பு அமைப்பு 2017-ல் சொன்னது. ஆனால் மழையில் அடித்துக்கொண்டு போய் மண்ணிலும் நீரிலும் சேர்கிற பிளாஸ்டிக் துகள் என்பதால், 2031-க்குப் பிறகு இதை விற்கக்கூடாது என்று ஐரோப்பாவில் 2023-ல் சட்டம் போட்டுவிட்டார்கள். கடலோரத்தில் இருக்கிற நமக்கு இது சின்ன சமாசாரம் இல்லை. அதை இன்னொரு தடவை பேசலாம்.

இப்போது வீட்டு வைத்தியம். டர்ஃபில் தேய்ந்த காயத்தைச் சாதாரணச் சிராய்ப்பு என்று விடாதீர்கள். 2003-ல் அமெரிக்காவில் ஒரு தொழில்முறை அணியில் ஐந்து வீரர்களுக்குச் சாதாரண மருந்துக்கு மசியாத கிருமி தொற்றிச் சீழ் வைத்தது. எல்லாமே டர்ஃபில் உரிந்த இடங்களில். குழாய்த் தண்ணீரை நன்றாக ஓடவிட்டு, சோப்புப் போட்டுக் கறுப்புக் குருணை ஒன்றுகூட இல்லாமல் கழுவ வேண்டும். பிறகு சுத்தமான துணிக்கட்டு. மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். துண்டு, தண்ணீர் பாட்டில் யாரோடும் பங்கு போட வேண்டாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள்.

சுளுக்குக்கு, ஐஸைத் துணியில் சுற்றி பதினைந்து இருபது நிமிஷம் வைத்து எடுப்பது, கிரேப் பாண்டேஜ், காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது. எண்ணெய் போட்டு உருவி விடுபவரிடம் உடனே கூட்டிப் போகாதீர்கள். நான் கூட்டிப் போகத்தான் கிளம்பினேன், மாப்பிள்ளை தடுத்தார். அடிபட்ட காலை ஊன்றி நாலடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்-ரே அவசியம். முழங்காலில் ‘டப்’பென்று சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வீங்கினால், காலை ஆட்டாமல் எலும்பு டாக்டரிடம் போங்கள். ஒரு தடவை சுளுக்கின கணுக்கால் மறுபடி சுளுக்கத்தான் பார்க்கும். அதனால் வலி நின்றதும் ஆட அனுப்பிவிடக்கூடாது. ஒற்றைக் காலில் நின்று பழகச் சொன்னார் டாக்டரம்மா. எங்கள் வீட்டில் ஒருத்தி ஒரு மாதமாகக் கொக்கு மாதிரி நின்றுதான் பல் தேய்க்கிறாள்.

பத்தாம் நாள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் ஆன கதையையும் சொன்னேன். பக்கத்துக் கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடியதையும் சேர்த்தேன். அவள் வாய் திறக்கவில்லை. ராத்திரி சாப்பாடு ஆன பிறகு, “அந்த டர்ஃப் ஷூ எங்கேம்மா கிடைக்குது?” என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சியாளரிடம் அவளே பேசினாள். பிள்ளைகள் இப்போது ஒன்றரை மணி நேரமாக எடுக்கிறார்கள். முதல் இருபது நிமிஷத்துக்குப் பந்து பையிலேயே இருக்கும். கூடுதல் வாடகையை நாலு வீட்டு அம்மாக்கள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கணுக்காலில் பட்டை மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினாள் என் பேத்தி. ஏழரைக்கு எல்லாம் வந்துவிட்டாள். திண்ணை முழுக்கக் கடுகு கொட்டின மாதிரி கறுப்புக் குருணை. “ஷூவை வெளியிலேயே தட்டிட்டு வாடி!” என்று உள்ளேயிருந்து என் மகள் சத்தம் போட்டாள்.