பட்டயம் இல்லாதவன் ஊர்

எங்கள் ஊர்க்காரர்களிடம் கூரத்தின் பெருமை என்னவென்று கேட்டால் முதலில் கூரத்தாழ்வான் பெயரைச் சொல்வார்கள். கொஞ்சம் வரலாறு படித்தவராக இருந்தால் அடுத்ததாகக் கூரம் செப்பேடு என்பார். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேஸ்வரவர்ம பல்லவன் கொடுத்தது. கோயிலுக்கு இவ்வளவு பங்கு, வேதம் படித்தவர்களுக்கு இவ்வளவு பங்கு, ஏரிக்குப் பாலாற்றிலிருந்து கால்வாய் என்று வடமொழியிலும் தமிழிலும் செம்பில் வெட்டிக் கொடுத்த பத்திரம். அரசன் போனான், பல்லவர்கள் போனார்கள், அந்தப் பத்திரம் மட்டும் 1300 வருஷம் கழித்தும் படிக்கக் கிடைக்கிறது.

இப்படிப் பத்திரம் எதுவும் இல்லாத ஒரு தமிழ் ஊரைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வந்தேன். அந்த ஊர் இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது.

ஊரின் பெயர் கம்போங் புவா பாலா. மலாய் மொழியில் சாதிக்காய்க் கிராமம் என்று அர்த்தம். மலேசியாவில், பினாங்குத் தீவில், குளுகோர் பகுதியில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே பிரவுன் என்ற குடும்பத்துக்குப் பெரிய தோட்டம் இருந்தது. அந்தத் தோட்டத்து வேலைக்குப் போன நம்மாட்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று அங்கேயே தலைமுறை தலைமுறையாக இருந்துவிட்டார்கள். மாடு வளர்த்தார்கள், ஆடு வளர்த்தார்கள், பால் விற்றார்கள், மாட்டுப் பொங்கல் கொண்டாடினார்கள். சுற்றிலும் நகரம் வளர்ந்துவிட்டது, நடுவில் இந்த மாட்டுத்தொழுவங்கள் மட்டும் அப்படியே இருந்தன. கௌபாய்கள் வரும் பழைய அமெரிக்க டிவி தொடர் ஒன்றின் பெயரை வைத்து அந்த இடத்தை 'ஹை சாப்பரல்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்களாம். நம்ம கோனார்களை கௌபாய் ஆக்கிவிட்டார்கள் பாருங்கள் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த நிலம் பிற்பாடு அரசாங்கத்துக்குப் போனது. அரசாங்கம் அதை மாநில அரசின் மூத்த அதிகாரிகளுடைய கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்தது. சங்கம் ஒரு கட்டுமானக் கம்பெனியோடு சேர்ந்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டத் திட்டம் போட்டது. ஊரில் இருந்த 24 வீடுகளும் காலி செய்ய வேண்டும். பிரவுன் குடும்பம் அறக்கட்டளை ஏற்பாடு செய்து தங்களுக்கென்று விட்டுப்போன நிலம் இது என்று ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் கூட்டரசு நீதிமன்றத்திலும் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அதே வருஷம் செப்டம்பரில் வீடுகளை இடித்தார்கள்.

இதில் அரசியல் கூத்து வேறு. நிலத்தைக் கொடுக்கும் முடிவு பழைய ஆட்சியில் எடுத்தது. பட்டா கைமாறி முடிந்தது 2008 மார்ச்சில், தேர்தலில் ஆட்சி மாறிய அந்தச் சமயத்தில். 2007 நவம்பரில் கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணி நடந்து, அந்தக் கோபத்தில் இந்திய வம்சாவளி ஓட்டுகள் பெரிய அளவில் இடம் மாறிய தேர்தல் அது. அந்த ஓட்டில் வந்த ஆட்சியிலேயே இந்த ஊர் இடிந்தது. இவர்கள் அவர்களைக் கை காட்ட, அவர்கள் இவர்களைக் கை காட்ட, புல்டோசர் மட்டும் நேராக வந்து சேர்ந்தது.

எதிர்த்தரப்பு சொன்னதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பினாங்கு சின்னத் தீவு. நிலம் அங்கே தங்கம். ஜனங்களுக்கு வீடு வேண்டும், அதை மேல்நோக்கித்தான் கட்ட முடியும். சட்டப்படி குடியிருந்தவர்களிடம் பட்டா இல்லை. அப்படியும் சும்மா விரட்டவில்லை. ஐந்து லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் மதிப்பு என்று சொல்லப்பட்ட மாடி வீடு ஆளுக்கு ஒன்று தருவதாகப் பேரம் நடந்தது. சிலர் ஒப்புக்கொண்டார்கள், சிலர் கடைசிவரை மாட்டேன் என்றார்கள். "இவ்வளவு கொடுத்தும் வேண்டாம் என்றால் இது பேராசைதானே?" என்று அங்கிருந்த தமிழர்களிலேயே பலர் கேட்டார்கள். நானும் முதலில் படித்தபோது அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு யோசித்தேன். மாடி வீட்டில் பசு மாட்டை எங்கே கட்டுவது?

வீட்டுக்கு வீடு கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்பது வீட்டை மட்டும் பார்க்கிறவர்களின் கணக்கு. அங்கே இருந்தது 24 வீடு மட்டும் இல்லை. ஒரு தொழில், மேய்ச்சல் நிலம், வருஷா வருஷம் சேர்ந்து வைக்கும் பொங்கல், ஒருத்தர் வீட்டுச் சாவுக்கு மற்ற 23 வீடும் அடுப்பு மூட்டாத பழக்கம் போன்ற நூறு விஷயங்கள். இதற்கெல்லாம் சதுர அடிக்கு இவ்வளவு என்று யாரும் விலை போட்டதில்லை. விலை போடாததால் அது இல்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்று. 2008 ஜூலையில் யுனெஸ்கோ பினாங்கின் ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மலாய், சீன, இந்திய, ஐரோப்பியக் கலாசாரங்கள் கலந்து வாழ்ந்த ஊர் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் வந்து இறங்கிய நம்மாட்களும் அந்தக் கலவையில் ஒரு பங்கு. நகரத்துக்குள் இருக்கும் லிட்டில் இந்தியாவுக்குப் பாரம்பரியப் பாதுகாப்பு கிடைத்தது. அங்கிருந்து சில மைல் தள்ளி, அதே மக்கள் இன்னமும் பால் கறந்துகொண்டிருந்த இடத்துக்கு அடுத்த வருஷம் புல்டோசர் கிடைத்தது. சுவரும் தூணும் தெருவும் பாரம்பரியம், தொழுவம் பாரம்பரியம் இல்லை. எனக்கு இது புரியவே இல்லை.

இதே மலேசியாவில் நேர்மாறாகவும் ஒன்று நடந்திருக்கிறது. பத்துமலை நம் எல்லோருக்கும் தெரியும். தம்புசாமிப் பிள்ளை ஆரம்பித்து வைத்தது, 1892-லிருந்து தைப்பூசம் நடக்கிறது. 2012-ல் அந்த மலைக்குப் பக்கத்தில் 29 மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்ப இருந்தது. கோயில்காரர்களும் பொதுமக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் திரண்டார்கள். சுண்ணாம்புப் பாறைக்கும் குகைகளுக்கும் ஆபத்து என்றார்கள். சிலாங்கூர் மாநில அரசு வேலையை நிறுத்தியது. அங்கேயும் அனுமதி பழைய ஆட்சியில் கொடுத்ததுதான், யார் தப்பு என்ற சண்டை அங்கேயும் நடந்தது. ஆனாலும் கட்டடம் நின்றது.

பத்துமலை பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஏன் பிழைத்தது? தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும் இடம். 140 அடி முருகன் நிற்கிறார். டூரிஸ்ட் வருகிறார்கள், ஓட்டு இருக்கிறது. புவா பாலாவில் இருந்தது 24 வீடும் சில மாடுகளும். கூட்டம் இருந்தால் பாரம்பரியம், இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பு என்றால், பாரம்பரியம் என்ற வார்த்தைக்கு ஓட்டு எண்ணிக்கை என்று மட்டும்தான் அர்த்தம்.

கடல் கடந்த தமிழனுக்காக அழுவது நமக்கு ரொம்ப சுலபம். மலேசிய அரசைத் திட்டி நாலு வரி எழுதிவிட்டுப் போய்விடலாம். நம் ஊருக்கு வந்து குடியேறியவர்களின் தடயங்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் பாலம் கட்டியவர் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் கைங்கர்யம்தான். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-ல் வெளிவந்தது சென்னையில். பாரிமுனைப் பக்கம் போகிற நம்மில் எத்தனை பேருக்கு அரண்மனைக்காரத் தெரு ஆர்மீனியன் தெரு என்பது தெரியும்?

அதைவிடப் பக்கத்தில் வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. 13 கிராமங்கள், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். ஏகனாபுரத்து மக்கள் போராடினார்கள், கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது தனிக் கட்டுரை. பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீடு பற்றிப் பேரமாவது பேச முடியும். புறம்போக்கில் ஆடு மாடு மேய்ப்பவர், அடுத்தவர் வயலில் நாற்று நடுபவர் என்ன காகிதத்தைக் காட்டுவார்?

2013-ல் வந்த மத்திய நிலம் எடுப்புச் சட்டம் இந்த விஷயத்தில் நல்ல சட்டம். நிலம் சொந்தமில்லாவிட்டாலும், எடுப்பதற்கு முன் மூன்று வருஷம் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளியும் குத்தகைக்காரரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று சொல்கிறது. சமூகத் தாக்க ஆய்வு செய்து, மக்களிடம் நேரில் கருத்துக் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் தமிழ்நாடு தன்னுடைய 1997-ம் வருஷத்துத் தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டத்துக்கு இதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. பரந்தூருக்கு நிலம் எடுப்பது இந்த 1997 சட்டத்தில்தான்.

என்னைக் கேட்டால் புவா பாலாவின் பாடம் ஒன்றுதான். ஜனங்களிடம் கேட்க வேண்டியது நிலத்தை விற்பதற்கு முன்னால். விற்ற பிறகு வழக்குப் போட்டால் கோர்ட் பட்டாவைத்தான் பார்க்கும். அதற்கு வேறு வழியும் இல்லை. ஆகவே இரண்டு மூன்று தலைமுறையாக ஆட்கள் குடியிருக்கும் அரசு நிலத்தை யாருக்குக் கொடுப்பதாக இருந்தாலும், முதலில் அந்த இடத்திலேயே விசாரணை நடக்கட்டும். யார் இருக்கிறார்கள், எப்போது வந்தார்கள், என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று எழுதிப் பதியட்டும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் ஊரை ஊராக நகர்த்தட்டும், மாடு கட்ட இடத்தோடு. மாடிக் கட்டடம் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் நாளைக்குச் சென்னையில் வேலை கிடைத்தால் அப்படி ஒரு கட்டடத்தில்தான் வாடகைக்கு இருப்பேன்.

செப்பேட்டில் ஆரம்பித்தேன், அதிலேயே முடிக்கிறேன். அந்தப் பட்டயத்தில் ஒரு பங்கு நிலம் எதற்கென்று தெரியுமா? கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு. கோயிலுக்கும் வேதத்துக்கும் கொடுத்த அதே கையோடு, ஊர் கூடிக் கதை கேட்கவும் கொஞ்சம் நிலம் ஒதுக்கிவைத்தான் அந்தப் பல்லவன். அதே செப்பேட்டில் அந்த வயல்களை உழுதவர்கள் பெயரையும் அவர்கள் மாடு எங்கே மேய்ந்தது என்பதையும் தேடினேன். இல்லை. அன்றைக்கும் எழுதவில்லை, பினாங்கிலும் எழுதவில்லை. நாமாவது எழுதுவோமே.