‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் விட்டுவிடலாமா?

காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் எங்கள் ஏற்காட்டுப் பெண்கள், உடம்புக்கு என்ன வந்தாலும் ‘பழம் பறிப்பு முடியட்டும்’ என்பார்கள். வீட்டிலிருக்கும் நாம் மட்டும் என்னவாம்? நெஞ்சு கரித்தால் சோடா, வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர், தலை சுற்றினால் ‘ரத்தம் கம்மி’ என்று இரும்புச்சத்து மாத்திரை. மலம் கறுத்தால், ‘மாத்திரையாலதான்’ என்று விட்டுவிடுகிறோம். மாத்திரையாலும் கறுக்கும், உண்மைதான். ஆனால் இரைப்பையில் ரத்தம் கசிந்தாலும் தார் மாதிரி கறுத்துத்தான் போகும்!

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு இப்படித்தான். சேலத்தில் எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பையில் ஒரு மேடு தெரிந்தது. துளி சதை கிள்ளிச் சோதித்ததில் ‘கெடுதல் இல்லை’ என்று வந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம்! ‘மறுபடி வந்து காட்டுங்க’ என்று டாக்டர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி, ஒரு நாள் கூலியையும் விட்டு யார் போவது? சில மாதம் கழித்து அவர் மயங்கி விழுந்த பிறகுதான் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் செய்தார்கள். ‘ஜிஸ்ட்’ என்ற அபூர்வமான சதைப் புற்றுநோய் என்று தெரிந்தது.

சுவரில் அடித்த சுண்ணாம்பைப் பார்த்து, உள்ளே செங்கல் நன்றாயிருக்கிறது என்று சொல்ல முடியுமா? சாதாரண எண்டோஸ்கோப்பி இரைப்பையின் உள்தோலைத்தான் காட்டும். ஜிஸ்ட் பெரும்பாலும் அதற்கு அடியில், தசை அடுக்கில் வளர்வது. அதனால் மேலே கிள்ளிய சதையில் அகப்படாமல் போகலாம். இந்தச் சோதனையில் குழாயின் நுனியிலேயே ஸ்கேன் கருவி இருக்கும். இரைப்பைச் சுவரை அடுக்கடுக்காகக் காட்டும். பார்த்துக்கொண்டே ஊசி விட்டு, உள்ளிருந்தே சதை எடுக்கலாம். ‘ஊசி பட்டா பரவிடும்’ என்று பயமுறுத்துவார்கள். அப்படி நடப்பது மிக அபூர்வம்.

மேடெல்லாம் புற்றுநோய் அல்ல. எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையும் இல்லை. ஆனால் கேட்காமல் வரக் கூடாது. ‘மேடு எந்த அடுக்கில் இருக்கு? எடுத்த சதை அங்கிருந்து வந்ததா? மறுபடி எப்ப வரணும்?’ - இந்த மூன்றையும் கேளுங்கள், தோழியரே.

ஜிஸ்ட்டுக்கு ஆபரேஷன் உண்டு. இமாடினிப் மாத்திரையும் உண்டு. ஒரு காலத்தில் மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மாத்திரை அது! நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அதனால் நம் நாட்டுக் கம்பெனிகளின் மாத்திரை அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. மருந்து கைக்கெட்டியும், நோய் தெரியாமலே உயிர் போகலாமா?

ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்டின் அடியில் ‘இது முடிவல்ல, மறுபடி இந்தத் தேதியில் வரவும்’ என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுங்களேன்! மலையிலிருந்து வரும் பெண்கள் அதைக் காட்டித்தான் வீட்டில் பஸ் காசும் லீவும் கேட்க முடியும். செய்வார்களா?

- ஓர் இல்லத்தரசி, ஏற்காடு.