தோத்தம் என்றாலும் ஸ்தோத்திரமே



ஜோகுபாளையத்தில் ஒரு விசுவாசியின் இல்லத்தில் நடைபெற்ற ஜெபக்கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டின் இரண்டரை வயது மகன் வந்தோரையெல்லாம் கைகூப்பி, “தோத்தம்” என்று வரவேற்றான். அனைவரும் சிரித்தோம். “இன்னொரு தரம் சொல்லு கண்ணு” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தோம். நான்காம் முறை அவன் தாயின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். கூட்டம் முடியுமட்டும் வாய் திறக்கவில்லை. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி என்பது வீடு திரும்பும் வழியெல்லாம் என் இருதயத்தைக் குத்தியது.

பிள்ளை செய்தது பிழையா? உதட்டில் பிறக்கும் மகரமும் பகரமும் மழலைகளுக்கு முதலில் வருகின்றன. நாவின் பின்பகுதியால் ஒலிக்கும் ககரம் பலருக்குச் சற்றுத் தாமதிக்கும்; ர, ற, ழ ஆகியவை இன்னும் பிந்தும். ஆகவேதான் காக்கா “தாத்தா” ஆகிறது. பழம் “பயம்” ஆகிறது. மெய்கள் நெருங்கி நிற்கும் ‘ஸ்தோத்திரம்’ அச்சிறு நாவுக்குப் பெரும் பாரம். பொதுவாக 2 வயதுப் பிள்ளையின் பேச்சில் பாதியளவும், 3 வயதில் முக்கால் பங்கும் அந்நியருக்குப் புரியும். 4 வயதில் பெரும்பாலும் எல்லாமே விளங்கும்.

1960-ஆம் ஆண்டில் ஜீன் பெர்க்கோ, ரோஜர் பிரவுன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பிள்ளையைக் குறித்து எழுதினார்கள். அது தன் பொம்மை மீனை ‘ஃபிஷ்’ என்னாமல் ‘ஃபிஸ்’ என்றது. பெரியவர் அதேபோல் ‘ஃபிஸ்’ என்றபோதோ அதை ஏற்க மறுத்தது. ‘ஃபிஷ்’ என்று திருத்தமாகச் சொன்ன பின்பே ஒப்புக்கொண்டது. காது சரியாகவே கேட்கிறது; நாவுதான் இன்னும் பழகவில்லை.

இதே ஷகரம் வேதத்திலும் வருகிறது. யோர்தான் துறையில் ‘ஷிபோலேத்’ என்பதைச் ‘சிபோலேத்’ என்ற எப்பிராயீமர் பிடித்துக் கொல்லப்பட்டார்கள். அக்காலத்தில் 42,000 பேர் மடிந்தார்கள் (நியாயாதிபதிகள் 12:6). நம் வீட்டு வாசலை நாம் யோர்தான் துறையாக்கலாமா?

நம் நகரத்தில் வேறொரு காரியமும் உண்டு. பாலைக் காட்டினால் பிள்ளை “ஆலு” என்கிறது என்று ஒரு தாய் கவலைப்பட்டார். அது சிதைந்த தமிழாக இராமல், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்ட கன்னட ‘ஹாலு’வாகவும் இருக்கலாம். பழங்கன்னடத்துப் பகரமே பிற்காலத்தில் ஹகரமாயிற்று; பூ அங்கே ‘ஹூவு’. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வது பிள்ளைக்குக் கேடன்று. வீட்டில் தமிழைத் தயங்காமல் பேசுங்கள். ஊரிலிருக்கும் ஆச்சியோடு நாளைக்கு அவன் பேச வேண்டுமே!

செய்ய வேண்டியது எளிது. பிள்ளை “தோத்தம்” என்றால் நீங்களும் “தோத்தம்” என்று கொஞ்ச வேண்டாம். “தப்பு, திரும்பச் சொல்” என்று அதட்டவும் வேண்டாம். “ஸ்தோத்திரம், ராஜா” என்று மெதுவாய், தெளிவாய், முகம் பார்த்து மறுமொழி கூறுங்கள். கைபேசியை அணைத்துவிட்டு, குடும்ப ஜெபத்தில் அவனுக்கும் ஒரு வாக்கியம் கொடுங்கள்.

எனினும் ஒரு எச்சரிப்பு. பெயர் சொல்லி அழைத்தும் பிள்ளை திரும்பாவிட்டால், ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வராவிட்டால், 2 வயதிலும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால், காலம் தாழ்த்தாமல் செவித்திறனைப் பரிசோதியுங்கள். லிங்கராஜபுரத்தில் டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு, கேட்பியல் நிறுவனம் உள்ளது. நிமான்ஸ் மருத்துவமனையிலும் இதற்கான துறை உண்டு. “ஜெபிக்கிறோம், தானாய்ச் சரியாகும்” என்று மாதங்களைக் கடத்தாதிருங்கள். பரிசோதனைக்குச் செல்வது அவிசுவாசமன்று. ஜெபித்துக்கொண்டே செல்லுங்கள்.

பிரியமானவர்களே, நம்முடைய ஜெபங்கள் மாத்திரம் திருத்தமானவைகளா? ஆவியானவர் நம் வாயில் வைத்த சொல் ‘அப்பா’ என்பதே (ரோமர் 8:15). அந்த அரமேயச் சொல், மழலையின் உதடுகளுக்கும் எளிதான சொல். நம் குளறலைக் கேட்டு நம் பிதா நகைக்கிறதில்லை; கருத்தை அறிந்து பதிலளிக்கிறார்.

மறுவாரம் அந்தப் பிள்ளையின் முன் முழங்காலிட்டு, “ஸ்தோத்திரம், தம்பி” என்றேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்தான். பின்பு மெல்ல, “தோத்தம்” என்றான். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.