செம்புக் குடம் நைட்ரேட்டை எடுக்காது. அந்தத் தண்ணியைக் குழந்தைக்குக் கொடுக்காதீங்க

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டுல ஒரு வயசுக்குக் கீழ குழந்தை இருந்து, போர் தண்ணி புழங்குறவங்க மட்டுமாவது கடைசி வரை படிச்சிடுங்க.

ஒரு வாரமா நம்ம விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்க வாட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது. நிலத்தடி நீர்ல நைட்ரேட் இருக்காம், ஆனா பயப்பட வேண்டாமாம். நைட்ரைட்டை உடைக்கிற பாக்டீரியா நொதியோட மையத்துல செம்பு இருக்குறதை வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சிட்டானாம், நம்ம தாத்தா பாட்டிக்கு அது அப்பவே தெரியுமாம். அதனால செம்புக் குடத்துல ராத்திரி முழுக்க வெச்ச தண்ணியில குழந்தைக்குப் பால் பவுடரும் கலக்கலாமாம். கடைசியில குடத்தோட விலையும் போன் நம்பரும்.

இதுல ஒரே ஒரு வரி உண்மை. அந்த நொதியில செம்பு இருக்கு. அந்த ஒரு உண்மையை வெச்சு மிச்சப் பொய்யை விக்கிறாங்க. அதனால அந்த உண்மையையே முழுசா சொல்லிடறேன்.

முதல்ல நைட்ரேட் வேற, நைட்ரைட் வேற. ஒரு நைட்ரஜனோட மூணு ஆக்சிஜன் இருந்தா நைட்ரேட், ரெண்டு இருந்தா நைட்ரைட். நம்ம போர்ல இருக்குறது பெரும்பாலும் நைட்ரேட். ஃபார்வர்டு சொல்ற செம்பு நொதி, அதாவது நைட்ரைட் ரிடக்டேஸ், நைட்ரேட்டைத் தொடவே தொடாது. நைட்ரேட்ல இருந்து ஒரு ஆக்சிஜனைக் கழட்டி நைட்ரைட் ஆக்குறது வேற நொதி. அதோட மையத்துல இருக்குறது மாலிப்டினம். ஆக, குடம் விக்கிறவர் சொல்ற கதைப்படியே பார்த்தாலும் அவர் தப்பான ஆளைப் பிடிச்சிருக்கார்.

இப்ப அந்த செம்பு நொதிக்கு வருவோம். 1991ல அக்ரோமோபாக்டர் சைக்ளோகிளாஸ்டஸ்ங்கற பாக்டீரியாவோட நொதியைப் படிகமாக்கி, எக்ஸ்ரே மூலமா அதோட வடிவத்தைப் பார்த்தாங்க. ஒரே மாதிரி மூணு புரதங்கள், அடுப்புக்கு வெச்ச மூணு கல் மாதிரி ஒண்ணோட ஒண்ணு சாய்ஞ்சு நிக்குது. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு செம்பு அணு, மொத்தம் ஆறு. இந்த ரெண்டுக்கும் வேலை ஒண்ணு இல்ல.

முதல் செம்பு புரதத்துக்குள்ள உக்காந்திருக்கு. அதைப் பிடிச்சிருக்கறது ரெண்டு ஹிஸ்டிடின், ஒரு சிஸ்டீன், ஒரு மெத்தியோனின். வெளியே இருந்து வர்ற இன்னொரு சின்ன புரதம் கொண்டு வந்து கொடுக்குற எலக்ட்ரானை வாங்கி வெச்சுக்கறதுதான் இதோட வேலை. ரெண்டாவது செம்பு சுமார் ஒன்றேகால் நானோமீட்டர் தள்ளி இருக்கு (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமா உடைச்சா ஒரு நானோமீட்டர்). அது ரெண்டு புரதம் சேர்ற இடுக்குல, ஒரு குழியோட அடியில இருக்கு. அதை மூணு ஹிஸ்டிடின் பிடிச்சிருக்கு, அதுல ரெண்டு ஒரு புரதத்தோடது, மூணாவது பக்கத்து வீட்டோடது. நைட்ரைட் வந்து ஒட்டுறது இந்த ரெண்டாவது செம்புலதான். முன்னாடி அங்க உக்காந்திருந்த நீர் மூலக்கூறைத் தள்ளிட்டு, தன்னோட ரெண்டு ஆக்சிஜனாலயும் செம்பைப் பிடிக்கும். முதல் செம்புல இருந்து ஒரு எலக்ட்ரான் இங்க தாவும். குழிக்குள்ள இருக்கற ஒரு ஆஸ்பார்டிக் அமிலமும் ஒரு ஹிஸ்டிடினும் ரெண்டு புரோட்டான் வந்து சேர வழி பண்ணும். ஒரு ஆக்சிஜன் தண்ணியா பிரிஞ்சு போகும். மிச்சம் நைட்ரிக் ஆக்சைடு வாயு. அதை அடுத்தடுத்த நொதிகள் வாங்கி, கடைசியில காத்துல இருக்கற சாதாரண நைட்ரஜனா விட்டுடும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு செய்தி. வாணவெடியில நீல நிறம் வரணும்னா செம்பு உப்புதான் போடணும்னு இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த நொதியும் பாக்டீரியாவைப் பொறுத்து நீலமாவோ பச்சையாவோ இருக்கும். ஆனா அதுக்குக் காரணம் வேற. இங்க நிறம் கொடுக்கறது முதல் செம்புக்கும் சிஸ்டீனோட கந்தகத்துக்கும் இருக்கற பிணைப்பு.

இப்ப சொல்லுங்க. உங்க குடத்துல எலக்ட்ரான் கொண்டு வந்து கொடுக்க யார் இருக்கா? குழி எங்க? புரோட்டானுக்கு யார் வழி பண்றது? செம்பு இருந்தா போதும்னா, கரண்ட் வயரைத் தண்ணியில போட்டு வெச்சாலே போதுமே. இரும்பு இருக்குங்கறதுக்காக ஆணி ரத்தம் ஆயிடுமா?

இன்னொண்ணு. இந்த வேலைக்கு செம்புதான் வேணும்னு கூட இல்ல. சூடோமோனாஸ் ஏருஜினோசா அதை இரும்பை வெச்சே பண்ணுது. ரெண்டு புரதம் சேர்ந்த நொதி, ஒவ்வொண்ணுலயும் சி, டி1னு ரெண்டு ஹீம். சி வழியா எலக்ட்ரான் வரும், டி1ல நைட்ரைட் உடையும். சூடோமோனாஸை எங்களுக்கு நல்லாத் தெரியும். ஆலை விபத்துல தீக்காயத்தோட வர்றவங்களோட கட்டைப் பிரிக்கும்போது பச்சையா சீழும், ஒரு மாதிரி இனிப்பு வாடையும் அடிக்கும் பாருங்க, அதே கிருமிதான். ஆக்சிஜன் இல்லாத இடத்துல நைட்ரேட்டையும் நைட்ரைட்டையும் வெச்சு மூச்சு விடுறதால அது அவ்வளவு பிடிவாதமா பிழைக்குது.

"அப்போ இந்த பாக்டீரியாவெல்லாம் நம்ம போர்லயே நைட்ரேட்டைத் தின்னு தீர்க்கலாமே டாக்டர்?"னு கேக்கலாம். நல்ல கேள்வி. அதுங்க இந்த வழிக்கு இறங்கணும்னா ரெண்டு வேணும். ஆக்சிஜன் இருக்கக் கூடாது, எலக்ட்ரான் கொடுக்க மக்கின இலை தழை மாதிரி கார்பன் உணவு வேணும். வயல் சேறு, கண்மாய் அடி வண்டல், இங்கெல்லாம் ரெண்டும் இருக்கு, வேலை நடக்குது. பாறை வெடிப்புல ஓடுற நம்ம போர் தண்ணியில கார்பன் ரொம்பக் கம்மி. அதனால மேல இருந்து இறங்கின நைட்ரேட் அப்படியே கிடக்குது. அதோட, செம்புக் குடம் பாக்டீரியாவைக் கொல்லும்ங்கறது ஓரளவு உண்மை. அப்போ அந்த நொதி வெச்சிருக்கற பாக்டீரியாவும் அதுல செத்துடும். குடம் விக்கிறவர் இதை யோசிச்சாரான்னு தெரியல.

நைட்ரேட் எங்க இருந்து வந்துச்சு? பட்டாசு ஆலைன்னு உடனே கை நீட்டுவாங்க. வெடியுப்பும் பொட்டாசியம் நைட்ரேட்தான், பேரியம் நைட்ரேட்டும் நைட்ரேட்தான். 2018ல உச்ச நீதிமன்றம் தடை போட்டது பேரியத்துக்கு, அது காத்து மாசு பத்தின வழக்கு. ஆலைக் கழிவு ஓடுற இடத்துல இருக்கற கிணத்தைத் தனியா சோதிக்கணும், அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024ல வெளியிட்ட அறிக்கையைப் பாருங்க. நாடு முழுக்க எடுத்த மாதிரிகள்ல சுமார் 20 சதவீதத்துல நைட்ரேட் வரம்பு மீறி இருக்கு. தமிழ்நாட்டுல அது 37 சதவீதத்துக்கும் மேல. நாட்டுலயே மோசமான மாவட்டங்கள் வரிசையில நம்ம மாநிலத்துல இருந்து வந்த பேர் விழுப்புரம். அங்க என்ன சிவகாசியா இருக்கு? யூரியா, மாட்டுத் தொழுவம், எல்லாத்துக்கும் மேல போருக்குப் பத்தடியில தோண்டி வெச்சிருக்கற அடி பூசாத செப்டிக் டேங்க். நம்ம கக்கூஸ் தண்ணிதான் நைட்ரேட்டா சுத்தி நம்ம டம்ளருக்கே வருது. இதைச் சொன்னா யாருக்கும் பிடிக்காது. ஆலையைத் திட்டுறது சுலபம், சொந்த செப்டிக் டேங்கைத் திட்ட முடியாது.

இப்ப குழந்தைக்கு வர்றேன். இந்திய தர நிர்ணயப்படி குடிநீர்ல நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது, தளர்வே கிடையாது. பெரியவங்க கொஞ்சம் கூடக் குடிச்சாலும் உடம்பு சமாளிக்கும். மூணு மாசக் குழந்தை கதை வேற. அதோட வயித்துல அமிலம் கம்மி, அதனால பாக்டீரியா மேல வரை ஏறி வளரும், நைட்ரேட்டை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட் ரத்தத்துக்குப் போகும்.

அங்க நடக்கறதுதான் இந்தக் கதையிலேயே கொடுமையான இடம். ஆக்சிஜனை இறக்கி வெச்ச ஹீமோகுளோபினும் ஒரு நைட்ரைட் ரிடக்டேஸ் மாதிரி வேலை செய்யும். பாக்டீரியா பண்ற அதே வேலை: ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடு ஆக்கிடும். பாக்டீரியா நொதிக்கு அடுத்த எலக்ட்ரான் உடனே வந்து சேரும். ஹீமோகுளோபினுக்கு வராது. கொடுத்த இரும்பு அப்படியே மாட்டிக்கும், அதுக்கப்புறம் அதால ஆக்சிஜனைத் தூக்க முடியாது. இதுதான் மெத்ஹீமோகுளோபின். இதைச் சரி பண்ற நொதி பெரியவங்க ரத்தத்துல நிறைய இருக்கு, பச்சைக் குழந்தைக்கு ஏறக்குறைய பாதிதான். குழந்தை சாம்பல் நீலமாகும். ரத்தம் சாக்லேட் நிறத்துல வரும். ஆக்சிஜன் வெச்சாலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 85 பக்கத்துலயே நிக்கும். 1945ல அமெரிக்காவோட அயோவா மாகாணத்துல கிணத்துத் தண்ணியில பவுடர் பால் கலந்து குடிச்ச குழந்தைகளை வெச்சுத்தான் இதை முதல்ல எழுதினாங்க.

போன மாசம் ஓபியில சளிக்குக் காட்ட ஒரு பாட்டி பேரனைத் தூக்கிட்டு வந்தாங்க. மூணு மாசம். அம்மா ஆலைக்குப் போயிட்டா. பீஸ் ரேட் வேலை, போகலன்னா அந்த வாரம் காசு இல்ல. பவுடர் பால், போர் தண்ணி. "கொதிக்க வெச்சு, செம்புல ஊத்தி வெச்சுத்தான் குடுக்கோம் டாக்டரம்மா"ன்னு பெருமையா சொன்னாங்க. குழந்தை நல்லா இருந்தான், சளி மட்டும்தான். ஆனா அந்தப் பாட்டி தன்னால முடிஞ்ச அளவு அக்கறையா செஞ்ச ரெண்டு வேலையுமே தப்பு. அதை அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?

கொதிக்க வெச்சா கிருமி சாகும், நைட்ரேட் ஆவியாகாது. 45 மில்லிகிராம் இருக்கற பத்து லிட்டரைச் சுண்டக் காய்ச்சி எட்டு லிட்டர் ஆக்கினா அது 56 ஆயிடும். பிளீச்சிங் பவுடர் போட்டாலும் போகாது.

செம்போ, குழந்தைக்கு அதுவே தனி விஷம். இந்தியக் குழந்தைகளுக்குன்னே ஒரு கல்லீரல் நோய் இருந்துச்சு, பேரே இந்தியன் சைல்ட்ஹுட் சிரோசிஸ். 1980கள்ல புனேயில நடந்த ஆய்வுகள், செம்பு, பித்தளைப் பாத்திரத்துல காய்ச்சி வெச்ச பாலைச் சின்ன வயசுலயே கொடுத்த வீடுகளோட அதைத் தொடர்புபடுத்தினது. பாத்திரம் எவர்சில்வருக்கு மாற மாற அந்த நோயும் ஏறக்குறைய காணாமப் போச்சு. "முன்னோர்"னு பேசறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நம்ம முன்னோர் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ள ஈயம் பூசினாங்க. தெருவுல துருத்தியைத் தூக்கிட்டு வந்து ஈயம் பூசினவருக்குத் தெரிஞ்சது, இன்னைக்கு குடம் விக்கிறவருக்குத் தெரியல.

என்ன பண்ணலாம்? ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும். அம்மா குடிக்கிற தண்ணியில நைட்ரேட் இருந்தாலும் தாய்ப்பால்ல அது பெருசா சேராது. ஆனா இதை நான் ஓபியில உக்காந்து சொல்றது சுலபம். கான்ட்ராக்ட்ல பீஸ் ரேட்டுக்குப் போற பொண்ணுக்கு சம்பளத்தோட பேறுகால விடுப்பு கொடுக்காம, வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துல பாதுகாப்பான ஒரு பிள்ளைகள் அறை கொடுக்காம, "தாய்ப்பால் கொடும்மா"ன்னு சுவரொட்டி ஒட்டுறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. அரசுத் துறைகளும் ஆலை முதலாளிகளும் பதில் சொல்ல வேண்டிய இடம் இது, அந்தப் பாட்டி இல்ல.

பவுடர் பால் கொடுத்தே ஆகணும்னா, சோதிச்சு 45க்குக் கீழ வந்த தண்ணியிலதான். தாமிரபரணி கூட்டுக் குடிநீர் வர்ற தெருவா இருந்தா குழந்தைக்கு மட்டுமாவது அதைப் பிடிச்சு, கொதிக்க விட்டு இறக்கி ஆற வைங்க, சுண்ட வைக்காதீங்க. ஆர்.ஓ. மெஷின் நைட்ரேட்டைப் பெருமளவு எடுக்கும், மெம்பிரேனை ஒழுங்கா மாத்தினா. அதுல வர்ற கழிவுத் தண்ணியைப் போர் பக்கத்துலயே ஊத்தாதீங்க, எடுத்த நைட்ரேட் முழுக்க அதுலதான் இருக்கு.

சோதிக்க, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கேளுங்க. ஊராட்சியில தண்ணி சோதிக்கற கிட் இருக்கான்னும் கேளுங்க. இல்லன்னு சொன்னா ஏன் இல்லன்னு கிராம சபையில எழுதிக் கொடுங்க. மழைக்கு அப்புறம் ஒரு தடவை மறுபடியும் பாருங்க, அளவு மாறும்.

குழந்தையோட உதடு, நகம் சாம்பல் நீலமா மாறினா, மந்தமா பால் குடிக்காம கிடந்தா, வயித்துப்போக்கோட இப்படி ஆனா, நேரா ஜி.எச். வாங்க. இதுக்கு மெத்திலீன் புளூன்னு மருந்து இருக்கு. ஜி6பிடி குறைபாடு இருக்கற குழந்தைக்கு மட்டும் அது ஆகாது, வீட்டுல யாருக்காவது இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. வரும்போது பால் கலந்த தண்ணி ஒரு பாட்டில் எடுத்துட்டு வாங்க. எந்தப் பாத்திரத்துல வெச்சிருந்தீங்கன்னும் மறைக்காம சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டோம்.