ஒரு கதைக்கு நாற்பது கதையின் எடை

தமிழ் இணைய இதழ்களை வைத்து நாம் நிறைய சண்டை போட்டிருக்கிறோம். எது இலக்கியம், எது வெறும் பக்கம் நிரப்பல், யாரைப் பிரசுரித்தார்கள், யாரை விட்டார்கள், யார் யாருக்கு விருது கொடுத்துக்கொண்டார்கள். எல்லாம் தேவையான சண்டைகள்தான். ஆனால் ஓர் இதழ் வாசகனின் கைப்பேசியில் எப்படித் திறக்கிறது, எவ்வளவு நேரத்தில் திறக்கிறது, முதலில் திறக்கிறதா என்பதற்காக யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அது ‘டெக்னிக்கல்’ விஷயம். வெப்சைட் செய்து கொடுக்கும் தம்பி பார்த்துக்கொள்வான்.

அந்தத் தம்பிகள் கூட்டத்தில் நானும் ஒருவன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, கூலிமில் வேலை பார்க்கிறேன். என் வழக்கு முதலில் என் சொந்தக் கூட்டத்தோடுதான். பிறகு இதழாசிரியர்களோடு.

கணக்கிலிருந்து தொடங்குவோம். இணையத்தில் பயணம் செய்யும்போது தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 3 பைட் எடுக்கும். ‘தோட்டம்’ என்ற சொல்லில் அப்படி 7 குறிகள்; மொத்தம் 21 பைட். ஒரு சொல்லுக்குச் சராசரியாக 25 பைட் என்று வைத்துக்கொண்டால், 2000 சொல் கொண்ட ஒரு சிறுகதை 50 கிலோபைட். சுருக்கி அனுப்பினால் இன்னும் குறையும். இன்று ஒரு சாதாரண வலைப்பக்கத்தின் எடை உலக அளவில் 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. அதாவது நாற்பது சிறுகதைகளின் எடை. வாசகன் கேட்டது ஒன்று. மிச்சம் முப்பத்தொன்பதை அவன் தலையில் கட்டுவது யார்?

அதில் படங்கள் இருக்கும், தானாக நகரும் ஸ்லைடர் இருக்கும், நம்மைக் கண்காணிக்கும் விளம்பர நிரல் இருக்கும். இவற்றைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது என் கூட்டம் கொண்டுவந்து சேர்க்கும் சுமையைப் பற்றி: ஃப்ரேம்வொர்க்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பக்கத்தை நேரடியாக எழுதாமல், வேறொருவர் எழுதிவைத்த பெரிய நிரல்தொகுப்பின் விதிகளுக்குள் எழுதுவது. அந்தத் தொகுப்பும் வாசகனின் கைப்பேசிக்கு இறங்கி, அங்கே ஓட வேண்டும். 2010இல் கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் வந்தது. 2013இல் ஃபேஸ்புக் ரியாக்டை வெளியிட்டது. இவை வந்ததற்கு நியாயம் இருந்தது. நொடிக்கு நொடி மாறும் செய்தியோடை, அரட்டைப் பெட்டி, வங்கிக் கணக்கு, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் அன்றைய பிரவுசர்களில் கையால் கட்டுவது பெரும்பாடு. ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது.

ஆனால் சிறுகதை நொடிக்கு நொடி மாறுவதில்லை. எழுதியவர் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார். மேலிருந்து கீழே வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ரியாக்ட் போடுவது, வெட்டிய ஒரு வாளிப் பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோக லாரி கூப்பிடுகிற மாதிரி.

லாரி வாடகையை இதழாசிரியர் கொடுப்பதில்லை. சுங்கைப்பட்டாணியில் வைஃபை போட்ட வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எல்லாம் பளிச்சென்று திறக்கும். பாலிங், சிக், கோலக்கெட்டில் பக்கம் ரோட்டை விட்டு உள்ளே போனால் கதை வேறு. செம்பனைக்கு நடுவே லைன் ஒரு கோடு காட்டும், அப்புறம் அதுவும் போகும். வாரத்துக்கு ஒருமுறை டாப் அப் போட்டு டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவு செய்கிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நம் கதைகளில் வருகிற மனிதர்கள் அவர்கள். தோட்டத்தைப் பற்றி எழுதிக் குவிக்கிறோம், தோட்டத்தில் திறக்காத பக்கத்தில் போடுகிறோம்.

டேட்டா மட்டும் இல்லை. படம் இறங்கினால் திரையில் விழுந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படியில்லை. இறங்கிய பிறகு கைப்பேசி அதைப் பிரித்துப் புரிந்துகொண்டு இயக்க வேண்டும். விலை உயர்ந்த ஐஃபோனுக்கு அது கண்சிமிட்டும் நேரம். நானூறு வெள்ளி போனுக்கு அது மூச்சு வாங்குகிற வேலை. நாம் இரண்டாயிரம் வெள்ளி மடிக்கணினியில் எழுதி, அதிலேயே சோதித்து, ‘ஸ்மூத்தா ஓடுது’ என்று சொல்லிக்கொள்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. வெறும் ஹெச்டிஎம்எல் பக்கம் பாதி இறங்கி லைன் அறுந்தால், பாதிக் கதை கையில் இருக்கும். பக்கத்தைக் கைப்பேசியிலேயே உருவாக்கும் ஃப்ரேம்வொர்க் தளத்தில் லைன் அறுந்தால் வெள்ளைத் திரை. சர்வரிலேயே ஹெச்டிஎம்எல்லாக மாற்றி அனுப்பலாமே என்று என் சகாக்கள் கேட்பார்கள். அனுப்பலாம். எழுத்து சீக்கிரம் தெரியும். ஆனால் வழக்கமான முறையில், அதே பக்கத்துக்கு உயிர் கொடுக்க அத்தனை ஸ்கிரிப்டையும் பின்னாலேயே இறக்குவீர்கள். சுமை குறையவில்லை, வாசல் மாறி வந்தது.

இது இன்றைக்கு வந்த புலம்பல் இல்லை. பாஸ்கல் மொழியை உருவாக்கிய சுவிட்சர்லாந்து நிரலாளர் நிக்லாஸ் விர்த், மெலிந்த மென்பொருளுக்காக வாதாடி 1995இலேயே ஒரு கட்டுரை எழுதினார். டூரிங் விருது பெற்றவர். 2024 புத்தாண்டன்று காலமானார். வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் மெதுவாவது வேகமாக நடக்கிறது என்பது அந்தக் கட்டுரையின் மையம். ஒரு காலத்தில் 8000 பைட்டுக்குள் உரைத்தொகுப்பி ஒன்றை எழுத முடிந்தது என்று நினைவூட்டினார். சிக்கலை மேன்மை என்று நம்பும் வாடிக்கையாளர்களையும், தேவையோ இல்லையோ எல்லா வசதியையும் திணிக்கும் நிறுவனங்களையும் குற்றம் சாட்டினார். வெறுமனே திட்டிவிட்டுப் போகவில்லை. சகா ஒருவரோடு சேர்ந்து ஓபரான் என்ற முழு இயங்குதளத்தையே சிறியதாகக் கட்டிக் காட்டிவிட்டுத்தான் பேசினார்.

“அதெல்லாம் அந்தக் காலம் ப்ரோ, இப்பதான் 5ஜி வந்திருச்சே” என்பார்கள். 2020இல் அரசாங்கம் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. 2021 இறுதியில் 3ஜி மூடப்பட்டது, 4ஜி பரவியது. நல்லதுதான். ஆனால் விர்த் சொன்னது இதைத்தான். ரோடு அகலமாக அகலமாக நாம் லாரியைப் பெருசாக்கிக்கொண்டே போகிறோம். அகல ரோட்டின் பலன் கடைசி வீட்டுக்காரனுக்குப் போய்ச் சேருவதே இல்லை.

அடுத்த வாதம், ஃப்ரேம்வொர்க் இல்லாமல் பக்கம் கட்ட முடியாது என்பது. 2013இல் இதில் உண்மை இருந்தது. இன்று இல்லை. நாமே புதுக் குறிச்சொற்களை உருவாக்கி, அதன் நடத்தையையும் தோற்றத்தையும் அதற்குள்ளேயே வைக்கும் வசதி பிரவுசருக்குள்ளேயே வந்துவிட்டது. வெப் காம்பொனென்ட்ஸ் என்பார்கள். குரோமும் சஃபாரியும் முன்பே ஏற்றன. 2018இல் பயர்ஃபாக்ஸ், 2020 தொடக்கத்தில் எட்ஜ். எதையும் இறக்க வேண்டியதில்லை. வாசகனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இலக்கிய வாசகர்களுக்கு ஒரு சுவையான தகவல். அந்தப் புதுக் குறிச்சொல்லின் முதல் எழுத்து ஆங்கிலச் சிறிய எழுத்தாக இருக்க வேண்டும், பெயரில் ஓர் இணைப்புக்கோடு வேண்டும். மற்றபடி விதி தமிழைத் தடுக்கவில்லை. கோட்டுக்குப் பின்னால் ‘கவிதை’ என்றோ ‘அருஞ்சொல்’ என்றோ தமிழிலேயே எழுதலாம்.

உதாரணத்துக்கு அந்த ‘அருஞ்சொல்’லையே எடுத்துக்கொள்வோம். நம் தோட்டக் கதைகளில் ‘பெரட்டு’ வரும். விடியலில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. சென்னை வாசகருக்கு அது புரியாது. இன்றைக்கு சுங்கைப்பட்டாணி டவுனில் பிறந்த பிள்ளைக்கே புரியாது. சொல்லைத் தொட்டால் பொருள் விரிகிற மாதிரி ஒரு காம்பொனென்ட் எழுத ஐம்பது வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். எடை ஒன்றிரண்டு கிலோபைட். அந்த ஐம்பது வரி இறங்காமலே போனாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. தெரியாத குறிச்சொல்லைப் பார்த்தால் பிரவுசர் உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே காட்டிவிடும். ‘பெரட்டு’ என்ற சொல் இருக்கும், பொருள் மட்டும் விரியாது. ஒன்று கெட்டால் எல்லாம் கெடுவது வேறு, ஒன்று கெட்டால் அது மட்டும் கெடுவது வேறு. என் தொழிலில் நல்ல வேலைக்கும் மட்டமான வேலைக்கும் இதுதான் வித்தியாசம்.

எடையைவிட எனக்குப் பெரிய கவலை ஆயுள். ஆங்குலர்ஜேஎஸுக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31இல் நின்றது. பிறந்து பதினோரு வருசம். ஒரு நாவல் எழுதி முடிக்க அதைவிட அதிகக் காலம் எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்பேட்’ என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள் திட்டங்கள் உலகமெங்கும் கட்டமுடியாமல் நின்றன. பலருக்குத் தாங்கள் அதை நம்பியிருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொரு பக்கம் மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரமும் நண்பர்களும் 1998 பொங்கலன்று தொடங்கியது. ஸ்லைடர் கிடையாது, பளபளப்பு கிடையாது. எளிய ஹெச்டிஎம்எல், பிடிஎஃப் கோப்புகள். எழுத்துக் குறியேற்றமே யூனிகோடுக்கு மாறியபோது நூல்களையும் மாற்றி ஏற்றினார்கள். கோப்பு எளியதாக இருந்ததால் மாற்ற முடிந்தது. இன்றும் எந்த போனிலும் திறக்கிறது. நாம் பெருமையாக ‘புதுப்பொலிவுடன்’ என்று அறிவித்த எத்தனை தமிழ்த் தளங்களின் பழைய இதழ்கள் இன்று திறக்கின்றன? மலேசியத் தமிழ் எழுத்தின் அச்சு இதழ்களைக் கரையானுக்குக் கொடுத்தோம். இணைய இதழ்களை அடுத்த ரீடிசைனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் சகாக்கள் சொல்லும் கடைசிக் காரணம் வேலை. ரெஸ்யூமியில் ரியாக்ட் இல்லாவிட்டால் பினாங்கிலோ கேஎல்லிலோ நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள். உண்மை. படிங்க, வேலைக்குப் போங்க, அங்கே எழுதுங்க. ஆனால் ஒரு சிற்றிதழ் உங்கள் ரெஸ்யூமிக்கான பயிற்சிக் களம் இல்லை. நீங்கள் இரண்டு வருசத்தில் சிங்கப்பூர் போய்விடுவீர்கள். நீங்கள் கட்டியதைத் தொடத் தெரியாமல் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார்.

ஆசிரியர்களும் தப்பிக்க முடியாது. தொழில்நுட்பம் எங்களுக்குத் தெரியாது என்பது இந்த மண்ணில் செல்லாத சாக்கு. தமிழை இணையத்தில் ஏற்ற 1990களில் உழைத்த சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி ஒரு சிறுகதை எழுத்தாளர். நம் நாட்டின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். 2005இல் செல்லினம் வழியாக, நினைவகம் கொஞ்சமே இருந்த அன்றைய கைப்பேசிகளுக்குள் தமிழைக் கொண்டுவந்தார். இன்று ஆப்பிள் கருவிகளுக்குள்ளேயே அவர் செய்த தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. கருவிக்குள் எழுத்து இருக்க, நாம் அலங்காரத்துக்கு இன்னொரு எழுத்துருவை வாசகன் காசில் இறக்குகிறோம். சின்ன இடத்துக்குள் தமிழை அடக்கிக் காட்டிய முன்னோடிகளுக்குப் பின்னால் வந்த நாம், பெரிய இடத்திலும் தமிழுக்கு மூச்சு முட்ட வைத்திருக்கிறோம்.

ஆகவே ஆசிரியர்களே, அடுத்தமுறை ஒரு தம்பி புதுத் தளத்தைத் தன் மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினால் கைதட்டாதீர்கள். ஒரு மலிவு போனைக் கையில் கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்டை அணைக்கச் சொல்லுங்கள். போன மாதக் கதையைத் திறக்கச் சொல்லுங்கள். கதை தெரிந்தால் பேசிய காசைக் கொடுங்கள். வெள்ளைத் திரை தெரிந்தால், திருப்பி அனுப்புங்கள். ஒரு மட்டமான கதையை நீங்கள் அப்படித்தானே திருப்பி அனுப்புகிறீர்கள்?